பதினோராம் விதியும் உங்கள் மிளகு முடிச்சுகளும்

அண்ணாச்சிக்கு,

எண் போட்டு வரிசைப்படுத்தாமல் என்னால் எதையும் எழுத முடியாது. அதைச் சொல்லி நீங்கள் எத்தனையோ முறை சிரித்திருக்கிறீர்கள். இப்போதும் அப்படித்தான் தொடங்குகிறேன். எழுத நினைத்திருப்பவை இவை:

1. இத்தனை காலம் கழித்து இன்று ஏன் எழுதுகிறேன்.
2. பதினோராம் விதி எப்படி வந்தது. அந்த விதியில் பிழை இல்லை, அதைக் கையில் எடுத்த மனிதர்களிடம்தான் பிழை என்பது.
3. நீங்கள் கடை அடைத்த நாள்.
4. திரும்பி வந்த முடிச்சுகள்.
5. உங்கள் மேல் எனக்குள்ள கோபம்.

ஐந்தாவதை எழுதத் துணிவு வருமா என்று தெரியவில்லை. எண் போட்டுவிட்டால் பிறகு நழுவ முடியாது என்பதற்காகவே அதையும் சேர்த்திருக்கிறேன்.

போன வாரம் என் பேரன் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். பட்டம் பகுதியில் அடுக்குமாடி வீடு ஒன்று வாங்க வங்கியில் கடன் கேட்டிருக்கிறான். தாத்தா வக்கீலுக்குப் படித்தவர், ஒரு முறை பார்க்கட்டும் என்று அவன் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "இதையெல்லாம் ஆரு தாத்தா வாசிக்கா? எல்லாரும் ஒப்பு போட்டுக் கொடுக்கதுதான்" என்றான்.

நான் வாசித்தேன். புதுத் தாளின் நெடி மூக்கில் ஏற, இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக வாசித்தேன். நடுவில் ஓரிடத்தில், கடன் வாங்கியவர் தவறியதாகக் கருதப்படும் சந்தர்ப்பங்கள் என்று ஒரு தலைப்பு இருந்தது. அதன் கீழே ஒரு பட்டியல். தவணை கட்டாவிட்டால், வேறு இடத்தில் வாங்கிய கடனில் தவறினால், திவாலானால் என்று போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு வரி: வங்கிக்கு அறிவிக்காமல் சொத்தைப் பூட்டிவிட்டு வேறிடம் போனால்.

அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அது என் வரி, அண்ணாச்சி. வேறு மொழியில், வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஆரியசாலைச் சங்க அலுவலகத்தின் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுதிய அதே வரி. அன்றிலிருந்து உங்கள் முகம்தான் எதிரே இருக்கிறது.

இரண்டாவதுக்கு வருகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் நான் ஆரியசாலைக்கு வந்தேன். வஞ்சியூர் கோர்ட்டில் முதல் வழக்கில் எழுந்து நின்றபோது தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தவன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. மிளகு, சுக்கு வியாபாரிகள் சங்கத்தில் காரியதரிசி வேலை இருக்கிறது என்றார்கள். எழுதினால் போதும், பேச வேண்டாம் என்பதால் சேர்ந்துகொண்டேன். முதல் நாள் நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னது: "வாரும், வாயில்லா வக்கீலே. இங்க எல்லாரும் வாயி மட்டும் உள்ளவனுவ. உம்மப் போல ஒருத்தரு வேணும்."

உங்கள் கடை சங்கத்துக்கு நேர் எதிரில். நெடுமங்காட்டு மலைப்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் மிளகைப் பூவிலேயே பேசி வைத்து, அதை ஆரியசாலையிலும் சாலை பஜாரிலும் உள்ள பெரிய கடைக்காரர்களுக்குத் தை மாதத்தில் தருவதாக ஆடியிலேயே விற்றுவிடுவீர்கள். இரண்டு பக்கமும் வாக்கு. நடுவில் நீங்கள். அன்றைக்கு அதற்குக் காகிதம் கிடையாது. பேச்சு முடிந்ததும் போன வருஷத்து மிளகில் இரண்டு கைப்பிடி எடுத்து, இரண்டு மல்லுத் துணித் துண்டில் முடிந்து, ஒன்றை வாங்குகிறவர் கையில் கொடுப்பீர்கள், மற்றது உங்களிடம் இருக்கும். இன்ன தரம், இன்ன விலை, இன்ன மாதம் என்பதற்கு அந்த முடிச்சுதான் சாட்சி. முடிச்சில் பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை.

ஒருவரால் வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனால் அதற்கும் ஒரு வழி இருந்தது. முடிச்சை எடுத்துக்கொண்டு அவரே நேரில் வர வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. வந்து, கொடுத்தவரின் உள்ளங்கையில் அதை வைக்க வேண்டும். கொடுத்தவர் விரலை மூடினால் ஒப்பந்தம் விடுபட்டது. மூடாவிட்டால் நிற்கிறது. அவ்வளவுதான் சட்டம்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் சாலைக் கடைக்காரர் ஒருவர் அப்படி வந்தார். வாசலில் நின்றுகொண்டு மழையைப் பற்றிப் பேசினார், திருச்செந்தூர் போய்வந்ததைப் பற்றிப் பேசினார். நீங்கள் மோர் கொடுத்தீர்கள். குடித்துவிட்டு இன்னும் மழையைப் பற்றிப் பேசினார்.

"வேய், மடியில என்னவோ வச்சிருக்கேரே, முட்டையா? அடைகாக்கதுக்கா இங்க வந்தேரு?" என்றீர்கள்.

அவர் முடிச்சை எடுத்து உங்கள் கையில் வைத்தார். முகம் வேர்த்துக் கொட்டியது. "மகளுக்குக் கல்யாணம் வந்துட்டு அண்ணாச்சி. பணம் பொரளல்ல."

நீங்கள் கையை நீட்டியபடியே வைத்திருந்தீர்கள். அவருக்கு அது ஒரு யுகமாக இருந்திருக்கும். "பந்தியில எனக்கு இலை உண்டா?" என்று கேட்டீர்கள். "ரெண்டு இலை போடுகேன்" என்றார். விரலை மூடினீர்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். உங்களுக்கு அதில் நஷ்டம்தான். அதைப் பற்றி நான் கேட்டதற்கு, "வந்து நின்னாம்லா" என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு கொரியாவில் சண்டை வந்தது. மிளகு விலை ஏறிய ஏற்றத்தில் செருப்புக் கடைக்காரர்கூட மிளகு வாங்கி விற்றார். புதிது புதிதாக ஆட்கள். அவர்களில் ஒருவர் கண்டவர்களிடமெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் காலையில் பார்த்தால் கடையைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார். கொழும்பு என்றார்கள், பினாங்கு என்றார்கள். அவரிடம் முடிச்சு வாங்கியிருந்தவர்கள் அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமல், வேறிடத்தில் வாங்கவும் துணியாமல், பூட்டிய பலகையைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் நின்றார்கள். இனி அச்சடித்த ஒப்பந்தம் வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. எழுதும் வேலை என்னுடையது.

பதினோராம் விதியை நான் பல முறை அடித்து எழுதினேன். ஒரு வியாபாரி எப்போதெல்லாம் வாக்குத் தவறியவராகக் கருதப்படுவார் என்பது அதில் வந்தது. குறித்த காலத்தில் சரக்கைத் தராமலோ எடுக்காமலோ இருப்பது. கேட்ட முன்பணத்தைக் கட்டாதது. மஞ்சள் கடுதாசி கொடுப்பது. சங்கத்துக்கு அறிவிக்காமல் வியாபார நாளில் கடையை அடைத்து வைப்பது. இதில் ஏதாவது ஒன்று நேர்ந்து சங்கம் அவர் பெயரை அறிவித்துவிட்டால், அவரோடு யார் செய்த ஒப்பந்தமானாலும் எல்லாம் அந்தக் கணமே முடிந்துபோகும். மற்றவர்கள் பூட்டிய பலகையைப் பார்த்து நிற்க வேண்டாம், வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். இதில் என்ன பிழை? ஓடிப்போகிறவன் கடையை அடைப்பான். அதனால் அடைத்த கடை ஓர் அடையாளம். இன்றைக்கும் வங்கிக்காரர்கள் அதையே எழுதுகிறார்கள் என்றால் என் சிந்தனை அவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

அதோடு இன்னொரு வாக்கியமும் எழுதியிருந்தேன். பெயரை அறிவிக்கும் முன் அவருக்கு மூன்று நாள் தவணை கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்று. அதை எடுக்கச் செய்தது யார்? நீங்கள்.

கூட்டத்தில் நான் அதை வாசித்ததும் கடைசி வரிசையிலிருந்து நீங்கள் கேட்டீர்கள்: "ஓய், ஓடிப்போறவன் உம்ம நோட்டீஸைக் கையொப்பு போட்டு வாங்கிட்டா ஓடுவான்? மூணு நாளுல அவன் கப்பல்ல ஏறி வாந்தியும் எடுத்துருவாம்வே." கூட்டமே சிரித்தது. தலைவர் சிரித்துக்கொண்டே பேனாவால் அந்த வரியை அடித்தார். பிறகு ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்து உங்களுடையது. வாசிக்கவில்லை. "நம்ம வக்கீலு எழுதினது. வாசிச்சா அவருக்குக் கொறச்சலு" என்றீர்கள்.

முடிச்சுகள் அதற்குப் பிறகும் இருந்தன, தரம் ஒத்துப் பார்ப்பதற்கு மட்டும். அவற்றை யாரும் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது.

தெற்கே தமிழ்ப் பகுதிகளில் மதராஸ் ராஜ்யத்தோடு சேரக் கேட்டுப் போராட்டம் நடந்து துப்பாக்கி வெடித்த அந்த ஆடி மாதம். மிளகு விலை அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது. நீங்கள் வழக்கம்போலத் தோட்டக்காரர்களிடமும் பேசி, இங்கேயும் பேசி முடித்திருந்தீர்கள். பேசிய விலைக்கும் சந்தை விலைக்கும் இடையில் வாரத்துக்கு வாரம் பள்ளம் பெரிதாகிக்கொண்டிருந்தது. தை மாதம் உங்கள் மிளகை எடுத்தால் தங்களுக்குப் பெரிய அடி என்று வாங்கியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் உங்களைப் பார்த்தேன். தேங்காய் உடைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். எப்போதும் உள்ள கேலி முகத்தில் இல்லை.

"அக்கா மகன் வீட்டுக்கு வரல்லியாம்வே. காலேஜில படிக்க பய, கூட்டத்தோட போயிருக்கான். அக்கா அழுதுட்டுக் கெடக்கா. நான் தக்கலைக்குப் போயிப் பாத்துட்டு வாரேன். நாளைக்குக் கடை தொறக்க மாட்டேன். தெரிஞ்சுக்கிடும்."

"பஸ் ஓடுகிறதா அண்ணாச்சி?"

"ஓடல்லன்னா நடந்து போகேன். காலு என்னத்துக்கு இருக்கு?"

மறுநாள் காலையில் நான் தலைவரின் கடைக்கே போய்ச் சொன்னேன். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார். "பாவம், போயிட்டு வரட்டும். பய கெடைக்கணும்" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். மத்தியானம் கொச்சியிலிருந்து தந்தி வந்தது. விலை ஒரேயடியாகச் சரிந்திருந்தது. சாயங்காலம் செயற்குழுவைக் கூட்டச் சொன்னார்.

"காரியதரிசி, பதினொண்ணாம் விதியை வாசியும்."

வாசித்தேன்.

"எதிர்த்த கடை இன்னைக்குத் தொறந்துதா?"

"இல்லை. ஆனால் அவர் நேற்றே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்."

"எங்க வச்சு?"

"பழவங்காடியில்."

"தேங்கா ஒடைக்கதுக்கு முன்னாலயா, ஒடைச்ச பெறகா?" என்று ஒருவர் கேட்டார். சிரித்தார்கள்.

"உம்மகிட்ட சொன்னா சங்கத்துகிட்ட சொன்னதாயிருமா? நீரு என்ன, சங்கமா?" என்றார் தலைவர்.

நான் வாயில்லா வக்கீல்தான். ஆனாலும் எழுந்து நின்றேன், அண்ணாச்சி. "காலையில் உங்களிடமும் வந்து சொன்னேனே" என்று சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீரு சொன்னேரு. அவரு சொல்லல்லியே."

உங்களைவிட வயதில் இளைய ஒருவர், உங்கள் கடையில் எத்தனையோ நாள் மோர் குடித்தவர், "ரூல் ரூலாக்கும், கேட்டேளா. நாளைக்கு என் கடைன்னாலும் இதே ரூல் தானே" என்றார். அதோடு முடிந்தது. அந்த அறையில் இருந்த எல்லோரும் உங்கள் மிளகை எடுக்கக் கடமைப்பட்டவர்கள். எழுந்து போகும்போது ஒருவரும் கடமைப்பட்டவர் இல்லை. அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயரை எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்தப் பலகையில் எப்போதும் நான்தான் எழுதுவேன்.

நீங்கள் திரும்பி வந்தபோது அக்கா மகனைப் பற்றிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அவன் எங்கும் அடிபடவில்லை. பயந்துபோய் ஒரு சிநேகிதன் வீட்டு வாழைத்தோப்பில் மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தானாம். "ஊரே சுடுபட்டுக் கெடக்கு, இவன் கெழங்கு சுட்டுத் திங்கான்" என்று சிரித்தீர்கள். பிறகு பலகையைப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள்.

உங்கள் வாயிலிருந்து வந்ததில் என்னால் மறக்க முடியாதது அது. திட்டியிருக்கலாம்.

நான்காவது. இதைச் சுருக்கமாக எழுதத்தான் நினைத்தேன். முடிகிறதா பார்க்கிறேன்.

ஒப்பந்தங்கள் முடிந்துவிட்டதால் முடிச்சுகளைத் திருப்பித் தருவது முறை என்று தலைவர் சொன்னார். எல்லோரும் சங்கத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடட்டும், சங்கம் மொத்தமாக அனுப்பிவிடும் என்றார். ஒவ்வொருவரும் தன் கடைப் பையன் கையில் கொடுத்தனுப்பினார்கள். எல்லாவற்றையும் ஒரு பனையோலைக் கடவப்பெட்டியில் போட்டு, சங்கச் சேவகரின் தலையில் ஏற்றி, நான் கூடவே நடந்து, தெருவைக் கடந்து உங்கள் கடைக்குள் வந்தேன். எதிர்க் கடைக்குப் போவதற்கு அவ்வளவு தூரம் நடந்ததாக எனக்கு அன்றைக்கு முன்னும் பின்னும் நினைவில்லை.

நீங்கள் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தீர்கள். பெட்டியைப் பார்த்துவிட்டு, வலது கையை நீட்டினீர்கள்.

"வையும்."

நான் ஒரு முடிச்சை எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது ஆரோடது?"

"தெரியவில்லையே அண்ணாச்சி. எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது."

"ஆருன்னு தெரியாம எப்படிவே வெரல மூடுகது?"

நீங்கள் கையைச் சாய்த்து முடிச்சைத் திரும்பப் பெட்டிக்குள் விட்டீர்கள். "எவனாவது ஒருத்தன் வந்து நின்னிருந்தா விட்டிருப்பேன். எல்லாவனையும் விட்டிருப்பேன். அவனுக்கும் நஷ்டந்தானே, எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். சேவகர் பெட்டியை மூலையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாங்கள் திரும்பினோம்.

வழக்குப் போடலாம் என்று நான் சொன்னேன். வாய்மொழி அறிவிப்பும் அறிவிப்பே என்பதற்குத் தீர்ப்புகள் இருக்கின்றன என்று சொல்லி, புத்தகம் வரை கொண்டுவந்தேன். சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு நான் பயந்தது உண்மை. ஏறுவேன் என்று சொன்னதும் உண்மை. நீங்கள் புத்தகத்தைத் திறக்கவில்லை. "வழக்கு முடியதுக்குள்ள நல்லமொளகு மொளச்சுக் காடாயிரும்வே" என்றீர்கள்.

தை வந்தது. நெடுமங்காட்டிலிருந்து வண்டிகள் வந்தன. சந்தையில் விலை பாதிக்கும் கீழே. தோட்டக்காரர்களோடு உங்களுக்குக் காகிதம் எதுவும் கிடையாது. நீங்கள் அவர்களிடம் போய், என்னைக் கைவிட்டுவிட்டார்கள், நானும் உங்களைக் கைவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பேசிய விலையைக் கொடுத்து எடுத்தீர்கள். எடுத்ததோடு விடாமல், ஒவ்வொரு கடைக்கும் ஆள் அனுப்பி, உங்கள் மிளகு வந்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவைத்தீர்கள். விரல் மூடவில்லை, ஆகவே வாக்கு நிற்கிறது என்பது உங்கள் கணக்கு. ஒருவரும் வரவில்லை. உங்களுக்கு மண்டைக்கு வழியில்லாமல் போய்விட்டது, கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். மழைக்கு முன்னால் அந்த மிளகைக் கிடைத்த விலைக்கு விற்றீர்கள். கடையும் போயிற்று. கரமனை வீடும் போயிற்று.

இனி ஐந்தாவது.

உங்கள் மேல் எனக்குக் கோபம், அண்ணாச்சி. இப்போதும் கோபம்தான். தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தது சரி. அதற்கு உங்களைக் கும்பிடுவேன். ஆனால் வராதவர்களுக்காக மிளகை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது எதற்கு? வந்த உடனே விற்றிருந்தால் வீடாவது மிஞ்சியிருக்கும். ஒவ்வொரு நாளும் சந்தை விழுவதைப் பார்த்துக்கொண்டு, எதிரே இருந்தவர்களை வெட்கப்பட வைப்பதற்காக அந்தச் சாக்குகளை வாசலில் அடுக்கி வைத்திருந்தீர்கள். அவர்கள் வெட்கப்படவில்லை. வேறு சந்து வழியாகப் போகப் பழகிக்கொண்டார்கள். அதற்கு விலை கொடுத்தது உங்கள் வீட்டில் அடுப்பு மூட்டிய மதினி.

தம்பானூரில் உங்களை வழியனுப்ப வந்தேனே, நினைவிருக்கிறதா? நாஞ்சில் நாடு மதராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகிறது என்று முடிவாகியிருந்த சமயம். நாகர்கோவில் பஸ்ஸின் மேலே உங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இனி நீரு வேற ராஜ்யம், நான் வேற ராஜ்யம். என்னை ஆரும் இங்க பலகையில எழுத முடியாது பாத்துக்கிடும்" என்றீர்கள். நான் சிரிக்க முயன்றேன். மதினி சிரிக்கவில்லை.

"தம்பி, நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நாரோயில்ல எந்தக் கடையிலயாவது வாக்கை வாங்கிக்கிட்டு அரிசி தருவானா?" என்று கேட்டார்கள்.

நீங்கள் அதைக் கேட்டீர்கள். கேட்காததுபோல பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அப்புறம் ஒரு கடிதம் போட்டீர்களா? இல்லை. நான் எழுதியதற்கும் பதில் இல்லை. ஆரியசாலைக்காரன் என்று என்னையும் அந்தப் பெட்டிக்குள் போட்டுக் கலந்துவிட்டீர்கள். நீங்கள் இறந்துபோன செய்திகூடக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது. அதுவும் யாரோ பேச்சுவாக்கில் சொன்னது. கூட்டத்தில் எழுந்து பேசிய ஒரே ஆள் நான் என்பதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானாகச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

உங்களிடமிருந்து என்னோடு வந்தது ஒன்று உண்டு. யாருக்காவது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் நான் நேரில் போய்ச் சொல்கிறேன். போன மாதம், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை நிறுத்த வேண்டியதாயிற்று. ஃபோனில் சொல்லிவிடலாம் என்றாள் மருமகள். நான் கம்பை ஊன்றிக்கொண்டு மணக்காடு வரை போனேன். அவள் வீட்டு முற்றத்தில் நின்று கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினேன். பிறகு சொன்னேன். அவள் திட்டினாள். வாங்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் மருமகளிடம் சொல்லி, பாதி நாள் வேலையாவது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டோம். முகத்தைப் பார்த்த பிறகு முழுவதுமாக நிறுத்த என்னால் முடியவில்லை.

இவ்வளவும் எழுதி முடித்து, மடிப்பதற்கு முன் ஒரு தரம் வாசித்துக்கொண்டிருந்தேன். பேரன் அந்த வங்கித் தாள்களை எடுத்துப்போக வந்தான். அவனிடம் கேட்டேன்: நாளைக்கு ஒரு தவணை கட்ட முடியாமல் போனால் யாரிடம் போய்ச் சொல்லுவாய்?

"ஆரையும் காண வேண்டாம் தாத்தா. எல்லாம் கம்ப்யூட்டர் தானாச் செய்யும். அவங்களுக்கும் நம்மளைத் தெரியாது, நமக்கும் அவங்களைத் தெரியாது. அதல்லே சௌகரியம்?" என்று சொல்லிவிட்டுத் தாள்களை அள்ளிக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு நான் நம் தலைவரை நினைத்துப் பார்த்தேன். என் மகளுக்கு டைபாய்டு வந்தபோது தன் காரை அனுப்பி, டாக்டரைக் கூட்டிவந்து, அவள் கண் திறக்கும் வரை என் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். கெட்டவர் என்று என்னால் எழுத முடியவில்லை. நானும் எத்தனையோ முறை முயன்று பார்த்துவிட்டேன். மற்றவர்களும் அப்படித்தான். அந்த விதி இல்லாதிருந்தால் அவர்களில் ஒவ்வொருவரும் உங்கள் படியேறி வந்து, உங்கள் முகத்துக்கு நேரே, உம் மிளகு எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பாதிப் பேரால் அது முடிந்திருக்காது. மிளகை எடுத்திருப்பார்கள். மீதிப் பேரை நீங்களே விட்டிருப்பீர்கள். அவர்கள் நாணயஸ்தர்களாகவே இருந்துகொண்டு உங்களைக் கைவிடுவதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. அதை எண் போட்டு, பிழையில்லாத வாக்கியமாக, நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தது நான். மூன்று நாள் தவணை இருந்திருந்தாலும் அந்த நோட்டீஸையும் வேறு யாராவதுதான் கொண்டுவந்து தந்திருப்பார்கள், அவர்களில் ஒருவரும் நேரில் வந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, அண்ணாச்சி, மேலே இரண்டாவதாக, விதியில் பிழை இல்லை என்று எழுதியிருப்பது தவறு. ஐந்தாவதாக உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும்.